டாரத்தி ஹாட்ஜ்கின்: வாழ்வும் ஆய்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரத்தி ஹாட்ஜ்கின் எதற்காக அறியப்படுகிறார்?

பெனிசிலின், வைட்டமின் பி12, இன்சுலின் ஆகிய மூன்று பொருள்களின் மூலக்கூறு அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியலின் துணையோடு கண்டறிந்த பிரிட்டிஷ் வேதியியலாளர் அவர். 1964ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு எவரோடும் பகிர்ந்துகொள்ளப்படாமல் அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. மேரி கியூரி, அவருடைய மகள் இரேன் ஜோலியோ-கியூரி ஆகிய இருவருக்கும் அடுத்து வேதியியலில் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அறிவியல் துறைகளில் நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் பெண் என்று இன்றுவரை அவர் ஒருவரையே சொல்ல முடிகிறது.

ஆனால் இந்த மூன்று பெயர்களை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அவர் செய்த பெரிய காரியம் மறைந்துபோகும். அவர் ஆய்வுக்கு வந்த காலத்தில் படிகவியல் என்பது, வேதியியலாளர்கள் சோதனைக்குழாயில் வினைகளை நடத்தி ஊகித்துவைத்த வாய்பாட்டைச் சரிபார்த்துத் தரும் துணைக்கருவியாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. வாய்பாடு எதுவென்று அவர்களுக்கே தெரியாத, அல்லது அவர்கள் தங்களுக்குள் உடன்படாத பொருளை எடுத்துக்கொண்டு, அதன் அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைப் படிகத்திலிருந்தே சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். அதன் பிறகு உயிர்ப்பொருள்களின் வேதியியல் முன்போல் நடக்கவில்லை.

அவர் எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார்?

1910ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் எகிப்தின் கெய்ரோ நகரில் டாரத்தி மேரி குரோஃபுட் என்ற பெயரில் பிறந்தார். தந்தை ஜான் குரோஃபுட் அங்கே கல்வித் துறை அதிகாரி. பின்னர் சூடானில் கல்விப் பணியையும் தொல்லியல் பணியையும் பார்த்து, அதன் பின் ஜெருசலேமில் அகழாய்வுகளை நடத்தினார். தாய் மோலி, பழங்கால நெசவிலும் தாவரங்களிலும் தேர்ந்த அறிஞர். நான்கு பெண்களில் மூத்தவர் டாரத்தி. முதல் உலகப் போர் மூண்டபோது குழந்தைகள் இங்கிலாந்தில் பாட்டியின் பொறுப்பில் விடப்பட்டார்கள். பெற்றோரோ பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்ததால், சிறு வயதிலேயே தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் டாரத்திக்கு வந்துவிட்டது. மோலியின் சகோதரர்கள் நால்வரையும் அந்தப் போர் பறித்துக்கொண்டது. போரை வெறுத்த தாயும், 1925இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கூட்டத்தைப் பார்க்க மகளை அவர் அழைத்துச் சென்றதும் டாரத்தியின் பிற்கால அமைதிப் பணிகளுக்கு விதையாக இருந்தன என்பதில் ஐயமில்லை.

வேதியியல் மீது அவருக்கு ஆர்வம் எப்படி ஏற்பட்டது?

பத்து வயதளவில், படிகாரத்தையும் துத்தத்தையும் கரைத்து வைத்துப் படிகம் வளர்க்கும் பாடம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த ஈர்ப்பு அவரை விடவே இல்லை. சூடானில் குடும்ப நண்பராக இருந்த வேதியியலாளர் ஏ. எஃப். ஜோசஃப், கனிமங்களைச் சோதிப்பதற்கான வேதிப்பொருள் பெட்டி ஒன்றை அச்சிறுமிக்குக் கொடுத்தார். இங்கிலாந்தில் வீட்டின் மேல்மாடியில் அவர் தமக்கென்று ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். பெக்கில்ஸ் நகரில் அவர் படித்த பள்ளியில் வேதியியல் ஆண் பிள்ளைகளுக்கான பாடம். டாரத்தியும் இன்னொரு மாணவியும் மட்டும் கேட்டு அனுமதி பெற்று அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகத்துக்குள் அணுக்களைப் 'பார்க்க' முடியும் என்பதை வில்லியம் பிராக் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆற்றிய சொற்பொழிவுகளின் நூல் வடிவத்தில்தான் அவர் முதன்முதலில் படித்தார். அந்நூலை வாங்கித் தந்தவர் தாய்.

1928இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வுக்குத் தேவைப்பட்ட லத்தீனையும் தாவரவியலையும் பள்ளி கற்பிக்கவில்லை. அவற்றைத் தனியாகப் படித்துத் தேறினார். கல்லூரிக்குப் போகுமுன் ஜோர்டானின் ஜெராஷ் பகுதியில் பெற்றோர் நடத்திய அகழாய்வில், பழைய தேவாலயங்களின் தரையில் பதிக்கப்பட்டிருந்த வண்ணக் கற்கோலங்களை அளவு பிசகாமல் வரைந்தெடுத்தார். ஒரே அலகு மீண்டும் மீண்டும் வந்து தளத்தை நிரப்பும் ஒழுங்கைக் கண்ணால் அளந்த அந்தப் பயிற்சி பின்னாளில் படிகங்களை ஆராய்ந்தபோது கைகொடுத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எக்ஸ் கதிர்ப் படிகவியல் என்றால் என்ன? அது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது?

படிகத்தில் ஒரே வகை மூலக்கூறுகள் மூன்று திசைகளிலும் ஒரே சீராக அடுக்கப்பட்டிருக்கும். அதன் வழியே மெல்லிய எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அணுக்களைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் அதைச் சிதறடிக்கும். சிதறிய அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடும். எதிரே வைத்த ஒளிப்படத் தகட்டில் இவை நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பதியும். சாதாரண நுண்ணோக்கியில் வில்லை இந்தச் சிதறிய அலைகளை மீண்டும் ஒன்றுகூட்டி உருவத்தைக் காட்டிவிடும். எக்ஸ் கதிர்களுக்கு அப்படிப்பட்ட வில்லை இல்லாததால், அந்த வேலையைக் கணக்கால் செய்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. புள்ளியின் கருமை, அந்த அலை எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லுமே ஒழிய, அதன் முகடு எந்த இடத்தில் இருந்தது என்பதைச் சொல்லாது. கோயில் தெப்பக்குளத்தின் கரையில் நிற்பவர், படியில் மோதும் அலைகளின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்று தெரியாமலே, குளத்தில் எத்தனை கற்கள் எங்கெங்கே விழுந்தன என்று சொல்ல முயல்வதற்கு இது ஒப்பாகும். அலையின் முகடு நிற்கும் இடத்தைக் கட்டம் என்றும், அது தெரியாமல் போவதைக் கட்டச் சிக்கல் என்றும் படிகவியலாளர்கள் சொல்வார்கள். இதற்கு ஒரு வழி, மூலக்கூறில் அயோடின், கோபால்ட் போன்ற எலக்ட்ரான் மிகுந்த கனமான அணு ஒன்று இருக்குமாறு பார்த்துக்கொள்வது. அது கதிரைப் பலமாகச் சிதறடிப்பதால் அதன் இடத்தை முதலில் கண்டுபிடித்துவிடலாம். அதை வைத்து மற்ற அணுக்களின் நிலையைச் சிறிது சிறிதாக ஊகித்து, ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொண்டே போகலாம்.

இந்த வேலை அந்நாளில் எப்படி நடந்தது என்பதை இன்றைய மாணவர் கற்பனை செய்வதும் கடினம். ஒவ்வொரு புள்ளியின் கருமையையும், படிப்படியாகக் கருமை கூடும் அளவுப் பட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் மதிப்பிட்டார்கள். பீவர்ஸ், லிப்சன் ஆகிய இருவரும் உருவாக்கிய, சைன் கொசைன் மதிப்புகள் அச்சிடப்பட்ட நீளமான காகிதப் பட்டைகள் மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். தேவையான பட்டைகளை உருவி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, நெடுக்காகக் கூட்டி எழுதுவார்கள். கிடைத்த எண்களைத் தாளில் குறித்து, சம மதிப்புள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், மலைப்பகுதியின் நிலவரைபடத்தைப் போல எலக்ட்ரான் அடர்த்தியின் மேடுபள்ளம் தெரியும். ஒவ்வொரு மேடும் ஓர் அணு.

பெப்சின் படிகத்தின் படம் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

1932இல் டாரத்தி கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னலிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெரால் வகைப் பொருள்களே அவருடைய முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. 1934இல், சுவீடனின் உப்சாலாவில் வளர்க்கப்பட்ட பெப்சின் என்ற செரிமான நொதியின் பெரிய படிகங்கள், அவை வளர்ந்த தாய்க் கரைசலோடு பெர்னலின் கைக்கு வந்து சேர்ந்தன. அதுவரை புரதப் படிகங்களைக் காயவைத்தே படமெடுக்க முயன்றிருந்தார்கள். தகட்டில் உருப்படியாக எதுவும் விழவில்லை. படிகத்தைக் கரைசலிலிருந்து வெளியே எடுத்தவுடன் அதன் ஒழுங்கு குலைவதை நுண்ணோக்கியில் கவனித்த பெர்னல், மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் ஈரத்தோடு அடைத்துப் படமெடுத்தார். தகடு முழுவதும் புள்ளிகள் விழுந்தன.

அந்த முதல் படம் எடுக்கப்பட்ட நாளில் டாரத்தி ஆய்வுக்கூடத்தில் இல்லை. கைகளில் தொடர்ந்து வலி இருந்ததால் மருத்துவரைப் பார்க்க லண்டன் சென்றிருந்தார். திரும்பி வந்ததும் தொடர்ந்த படங்களை எடுப்பதில் சேர்ந்துகொண்டார். இருவர் பெயரிலும் அந்த ஆண்டே நேச்சர் இதழில் கட்டுரை வெளிவந்தது. புரதம் என்பது கூழ்போன்ற, உருவமற்ற கலவை என்று பலர் நம்பிய காலம் அது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் திட்டமான ஒரே வடிவம் கொண்டது என்பதற்கு அந்தப் புள்ளிகளைவிட வலுவான சான்று வேறு இருக்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய ஆய்வுக்கூடம் எப்படி இருந்தது?

வசதி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 1934இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பியவருக்குப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கட்டடத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. வெளிச்சம் வரும் ஒரே சன்னல் உயரத்தில் இருந்தது. நுண்ணோக்கி அந்தச் சன்னலை ஒட்டிய பரணில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே படிகத்தைத் தேர்ந்து இழைமுனையில் ஒட்டி, ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு, செங்குத்தான ஏணியில் இறங்கி எக்ஸ் கதிர்க் கருவிக்கு வருவார். வேதியியல் ஆசிரியர்களின் மன்றக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லை. கருவிகளுக்கான பணத்தைத் திரட்டித் தந்தவர் கரிம வேதியியல் பேராசிரியர் ராபர்ட் ராபின்சன். சிறிதளவு இன்சுலினைக் கொடுத்து அதைப் பார்க்கச் சொன்னவரும் அவரே.

அவருக்கு முடக்குவாதம் இருந்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். இருபத்துநான்காம் வயதில் நோய் உறுதிசெய்யப்பட்டது. 1938இல் முதல் குழந்தை பிறந்த பின்னர் அது கடுமையாகி, காலையில் உடை மாட்டிக்கொள்வதற்கே பாடுபடும் நிலை ஏற்பட்டது. சிகிச்சைக்குப் பின் ஆய்வுக்கூடம் திரும்பியபோது, எக்ஸ் கதிர்க் கருவியின் விசையை அவருடைய விரல்களால் தள்ள முடியவில்லை. நீளமான நெம்புகோல் ஒன்றை அதில் பொருத்தச் செய்து வேலையைத் தொடர்ந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்கள் கோணிப்போயின. ஆனாலும் மில்லிமீட்டருக்கும் சிறிய படிகங்களை நொறுங்காமல் எடுத்துப் பொருத்துவதில் அந்தக் கைகளுக்கு நிகர் இல்லை என்பது அவரோடு பணிபுரிந்தவர்களின் சாட்சியம். சிற்பி ஹென்றி மூர் அக்கைகளை மட்டும் வரைந்திருக்கிறார். லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ள, மேகி ஹாம்ப்ளிங் தீட்டிய ஓவியத்தில், மேசையில் தாள்களுக்கிடையே வேலை செய்யும் டாரத்திக்கு நான்கு கைகள்.

பெனிசிலினின் அமைப்பைக் கண்டறிவது ஏன் தேவைப்பட்டது?

1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெனிசிலின் எலிகளைத் தொற்றிலிருந்து காப்பாற்றுவதை நிறுவினார்கள். உற்சாகத்தோடு வந்த செயின், டாரத்தியைத் தெருவில் சந்தித்தபோதே, ஒருநாள் உங்களுக்குப் பெனிசிலின் படிகம் தருவோம் என்று சொன்னார். போர்க்காலத்தில் பூஞ்சையை வளர்த்துப் பிரித்தெடுக்கும் முறை மெதுவானது. மூலக்கூறின் அமைப்பு தெரிந்தால் ஆலையில் செயற்கையாகத் தயாரித்துவிடலாம் என்ற எண்ணத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் இரகசியமாக இந்த ஆய்வை முடுக்கிவிட்டன.

மூலக்கூறு சிறியதுதான், ஹைட்ரஜனை விட்டுவிட்டால் 23 அணுக்கள். ஆனால் அது எளிதில் சிதைந்துவிடும். வினைக்கு உட்படுத்தினால் வடிவமே மாறிவிடும். அதனால் வேதியியலாளர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். ஐந்து அணு வளையங்கள் இரண்டு ஒரு பிணைப்பால் சேர்ந்தது என்பது ராபின்சனின் கருத்து. மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த நான்கு அணு வளையம், அதாவது பீட்டா-லாக்டம், கந்தகம் உள்ள வளையத்தோடு ஒட்டியிருக்கிறது என்பது ஏபிரகாம், செயின் ஆகியோரின் கருத்து. இவ்வளவு இறுக்கமாக வளைந்த வளையம் நிலைத்திருக்காது என்று பலர் அதை ஒதுக்கினார்கள். போதாக்குறைக்கு, பிரிட்டனில் தயாரான பெனிசிலினும் அமெரிக்காவில் தயாரானதும் பக்கச் சங்கிலியில், அதாவது மையக் கருவோடு ஒட்டிய கிளைப்பகுதியில், வேறுபட்டவை என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. அமெரிக்கப் பென்சைல் பெனிசிலினே நன்றாகப் படிகமானது.

டாரத்தியும் அவருடைய மாணவி பார்பரா லோவும் பொட்டாசியம், ரூபிடியம் உப்புகளின் படிகங்களை ஆராய, நார்த்விச்சில் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் பன்னும் அவருடைய துணையாளரும் சோடியம் உப்பை ஆராய்ந்தார்கள். இரு குழுவினரும் தத்தம் வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூலக்கூறு நீட்டிக்கிடக்கும் என்ற அனுமானத்தை விட்டுவிட்டால்தான் கணக்கு பொருந்தும் என்பது புரிந்தது. துளையட்டைக் கணிப்பொறிகளின் உதவியும் இந்த ஆய்வில் பயன்படுத்தப்பட்டது. 1945இல், ஐரோப்பாவில் போர் ஓய்ந்த சமயத்தில், பீட்டா-லாக்டம் வளையம் ஐயத்துக்கு இடமில்லாமல் வரைபடத்தில் தெரிந்தது. இதுதான் பெனிசிலின் வாய்பாடு என்றால் நான் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று ஜான் கார்ன்ஃபோர்த் சொல்லியிருந்தார். நல்லவேளையாக அவர் வேதியியலிலேயே தொடர்ந்து, 1975இல் நோபல் பரிசும் பெற்றார்.

செயற்கைத் தயாரிப்புப் போர்க்காலத்தில் கைகூடவில்லை என்றாலும், அமைப்பு தெரிந்ததன் பயன் பின்னால் வந்தது. பீட்டா-லாக்டம் கருவைத் தனியே பிரித்தெடுத்து, அதில் வேறு வேறு பக்கச் சங்கிலிகளைச் சேர்க்கும் முறை 1950களின் இறுதியில் கைவந்தது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின் என்று இன்று மருந்துக்கடையில் நாம் வாங்குபவை அந்த வழியில் பிறந்தவையே.

வைட்டமின் பி12 ஆய்வில் என்ன சிறப்பு?

என் மதிப்பீட்டில் அவருடைய ஆய்வுகளுள் மிகத் துணிச்சலானது இதுதான். கடும் இரத்தசோகை நோயாளிகளைக் கல்லீரலை உண்ணவைத்துப் பிழைக்கவைத்த காலத்திலிருந்து, அதில் உள்ள காரணிப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1948இல் அமெரிக்காவில் மெர்க் நிறுவனமும், பிரிட்டனில் கிளாக்சோவின் லெஸ்டர் ஸ்மித்தும் அதைச் செந்நிறப் படிகங்களாகப் பிரித்தெடுத்தார்கள். லெஸ்டர் ஸ்மித் கொஞ்சம் படிகங்களை டாரத்தியிடம் கொடுத்தார். அதில் கோபால்ட் இருப்பது தெரிந்தது. மற்றபடி வாய்பாட்டின் பெரும்பகுதி இருட்டில் இருந்தது. ஹைட்ரஜன் நீங்கலாக 93 அணுக்கள்: 63 கார்பன், 14 நைட்ரஜன், 14 ஆக்சிஜன், ஒரு பாஸ்பரஸ், ஒரு கோபால்ட். இவ்வளவு பெரிய, அமைப்புத் தெரியாத மூலக்கூறை யாரும் அதுவரை படிகத்திலிருந்து நேரடியாகத் தீர்த்ததில்லை. கோபால்ட்டும்கூட இந்தக் கூட்டத்தில் கட்டங்களைத் தெளிவாகச் சொல்லும் அளவுக்குக் கனமானதல்ல.

அவர் ஒரே படிகத்தை நம்பியிருக்கவில்லை. ஈரமான படிகம், காய்ந்த படிகம், செலினியம் சேர்த்த வடிவம், பிறகு அலெக்சாண்டர் டாட் குழுவினர் மூலக்கூறைச் சிதைத்ததில் கிடைத்த சிறிய துண்டு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பினார். 1953இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ட்ரூபிளட், லாஸ் ஏஞ்சலிஸில் தமக்குக் கிடைத்த ஸ்வாக் என்ற மின்னணுக் கணிப்பொறியின் நேரத்தைத் தர முன்வந்தார். எண்களும் விடைகளும் கடிதமாகவும் தந்தியாகவும் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்வந்தன. வரைபடம் தெளியத் தெளிய, கோபால்ட்டைச் சுற்றியிருக்கும் பெரிய வளையம் ஹீமோகுளோபினில் உள்ளதைப் போன்றதல்ல, அதில் இரண்டு சிறு வளையங்கள் இடையில் கார்பன் இல்லாமல் நேரடியாக இணைந்திருக்கின்றன என்பது தெரியவந்தது. இப்படி ஒரு வளையம் இருக்கும் என்று எந்த வேதியியலாளரும் எதிர்பார்த்திருக்கவில்லை, படிகம்தான் சொன்னது. முழு அமைப்பும் 1956இல் வெளியானது. 1961இல் லென்ஹெர்ட்டும் அவரும் உடலில் செயல்படும் துணைநொதி வடிவத்தை ஆராய்ந்து, கோபால்ட்டும் கார்பனும் நேரடியாகப் பிணைந்திருப்பதைக் காட்டினார்கள்.

நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் எங்கே இருந்தார்?

கானாவில். கணவர் தாமஸ் ஹாட்ஜ்கின் அங்கே ஆப்பிரிக்கவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். முக்கியமான உயிர்வேதிப் பொருள்களின் அமைப்புகளை எக்ஸ் கதிர் முறையால் கண்டறிந்ததற்காகப் பரிசு என்று அறிவிப்பு சொன்னது. பிரிட்டிஷ் நாளேடுகள் சில அவரை ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி என்றும் மூன்று பிள்ளைகளின் தாய் என்றும் தலைப்பிட்டன. முப்பது ஆண்டு ஆய்வுக்கு அது நியாயமான அறிமுகமே அல்ல. அடுத்த ஆண்டு பிரிட்டனின் உயரிய விருதான ஆர்டர் ஆஃப் மெரிட் அவருக்கு வழங்கப்பட்டது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுக்குப் பின் அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

இன்சுலினுக்கு மட்டும் ஏன் 35 ஆண்டுகள் ஆயின?

1934இல் கிடைத்த இன்சுலினைத் துத்தநாகம் சேர்த்து மீண்டும் படிகமாக்கி, 1935இல் அதன் படத்தை வெளியிட்டார். இரவில் தகட்டைக் கழுவி, நடுவில் நுண்ணிய புள்ளிகள் விரிந்திருப்பதைப் பார்த்த அந்தக் கணமே தம் வாழ்நாளில் மிகப் பரவசமான கணமாக இருக்கலாம் என்று பின்னாளில் அவர் எழுதினார். ஆனால் புள்ளிகளைப் பார்ப்பது வேறு, அவற்றைப் படித்தறிவது வேறு. இன்சுலின் மூலக்கூறில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. படிகத்தில் ஆறு மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றித் திரண்டிருக்கின்றன. இதைத் தீர்ப்பதற்கு வேண்டிய கணக்கு முறையும் கணிப்பொறியும் அப்போது பிறக்கவே இல்லை.

அவர் அதைக் கைவிடவும் இல்லை, அதிலேயே முட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. தீர்க்கக்கூடிய பொருள்களைத் தீர்த்துக்கொண்டு, இன்சுலினுக்கான சூழல் கனியக் காத்திருந்தார். 1955 வாக்கில் ஃப்ரெட்ரிக் சாங்கர் அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிந்தார். 1953இல் மேக்ஸ் பெருட்ஸ், படிகத்தின் அமைப்பைக் கலைக்காமல் புரதத்தில் கனமான அணுக்களை ஏற்றிக் கட்டங்களைக் கண்டறியலாம் என்று ஹீமோகுளோபினில் காட்டினார். இன்சுலினில் அது எளிதில் அமையவில்லை. துத்தநாகத்தை நீக்கிவிட்டு ஈயம் முதலிய உலோகங்களைப் புகுத்தும் வழி பல முயற்சிகளுக்குப் பின்னரே பிடிபட்டது. கை டாட்சன், எலினர் டாட்சன், டாம் பிளண்டல், மார்கரெட் ஆடம்ஸ், இந்தியரான மா. விஜயன் உள்ளிட்டோர் அடங்கிய குழு 1969இல் அமைப்பைக் கண்டறிந்தது. அறிவிக்கும் பொறுப்பை இளையவரான பிளண்டலிடம் ஒப்படைத்தார். கட்டுரையிலும் ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் தொடங்கின.

சீனாவில் ஒரு குழு, வெளியுலகத் தொடர்பு அதிகமின்றி, இன்சுலினின் அமைப்பைத் தனியாகவே கண்டறிந்திருந்தது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அவர்களை நேரில் போய்ப் பார்த்து, அவர்களுடைய வரைபடத்தின் தரத்தை உலகப் படிகவியலாளர்களுக்கு எடுத்துச் சொன்னவர் டாரத்தி. போட்டியாளரின் வெற்றியைத் தாமே முன்வந்து பறைசாற்றும் பெருந்தன்மையை அறிவியல் வரலாற்றில் நாம் அடிக்கடி காண்பதில்லை.

இன்சுலினின் அமைப்பு தெரிந்ததால் நோயாளிகளுக்கு என்ன பயன் கிடைத்தது?

ஊசி வழியே தோலுக்கடியில் செலுத்தப்படும் சாதாரண இன்சுலின் ஆறாகத் திரண்ட நிலையில் இருப்பதால், ஒற்றை மூலக்கூறுகளாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்க நேரம் பிடிக்கிறது. மூலக்கூறுகள் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன என்பதைப் படிக அமைப்பு காட்டியது. அந்த இடத்தில் உள்ள புரோலின், லைசின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி அமைத்தால் ஒட்டும் தன்மை குறையும். அப்படி உருவான லிஸ்ப்ரோ இன்சுலின் 1996இல் பயன்பாட்டுக்கு வந்தது. சாப்பிட உட்காரும் நேரத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி அதனால் கிடைத்தது.

அவருடைய குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது?

1937இல் தாமஸ் ஹாட்ஜ்கினை மணந்தார். முதியோர் கல்வியிலும் பின்னர் ஆப்பிரிக்க வரலாற்றிலும் ஈடுபட்ட தாமஸ், தொடக்க ஆண்டுகளில் வெளியூரில் வேலை பார்த்து வாரக் கடைசியில் வீடு வந்தார். லூக், எலிசபெத், டோபி என்று மூன்று பிள்ளைகள். 1949 வரை டாரத்தி தம் கட்டுரைகளைக் குரோஃபுட் என்ற பெயரிலேயே வெளியிட்டார். நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட ஆண்டில் மூத்த மகன் அல்ஜியர்ஸில் கற்பித்துக்கொண்டிருந்தார், மகள் சாம்பியாவில் ஆசிரியை, இளைய மகன் பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஓராண்டை இந்தியாவில் கழித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அரசியல் பார்வை ஆய்வுக்குத் தடையாக இருந்ததா?

இருந்தது. 1953இல் லைனஸ் பாலிங் பாசடீனாவில் கூட்டிய புரத ஆய்வு மாநாட்டுக்குச் செல்ல அவருக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அவருடைய இடதுசாரித் தொடர்புகளும் கணவரின் முன்னாள் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் தகுதியும் காரணங்கள். அதன் பின்னர் நெடுங்காலம் ஒவ்வொரு பயணத்துக்கும் தனி அனுமதி தேவைப்பட்டது. அவரோ இரும்புத் திரைக்கு இருபுறமும் இருந்த அறிவியலாளர்களோடு தொடர்பை விடாமல் காத்தார். அணு ஆயுதங்களுக்கு எதிரான பக்வாஷ் அமைப்பின் தலைவராக 1976 முதல் 1988 வரை பணியாற்றினார்.

மார்கரெட் தாட்சர் அவருடைய மாணவியா?

ஆம். பின்னாளில் பிரதமரான தாட்சர், மார்கரெட் ராபர்ட்ஸ் என்ற பெயரில் சோமர்வில்லில் வேதியியல் படித்தபோது, இறுதியாண்டு ஆய்வை டாரத்தியின் ஆய்வுக்கூடத்தில் கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பற்றிச் செய்தார். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் திசை. ஆனால் மரியாதை குறையவில்லை. ஆசிரியையின் படத்தைப் பிரதமர் தம் அலுவலகத்தில் மாட்டியிருந்தார். 1980களில் சோவியத் யூனியனோடு பேசுங்கள் என்று வலியுறுத்த டாரத்தி அவரை நேரில் போய்ப் பார்த்ததும் உண்டு.

இந்திய, தமிழக அறிவியலாளர்களோடு அவருக்கு என்ன தொடர்பு?

நெருக்கமான தொடர்பு. சி. வி. ராமனின் சகோதரி மகனான எஸ். ராமசேஷன் ஆக்ஸ்ஃபோர்டில் அவரோடு பணிபுரிந்தார். அணு சில குறிப்பிட்ட அலைநீளக் கதிர்களை இயல்புக்கு மாறாகச் சிதறடிக்கும் பண்பைக் கட்டச் சிக்கலைத் தீர்க்கப் பயன்படுத்துவதில் ராமசேஷன் வல்லவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956இல் இதே பண்பை வைத்து ஒரு முறையை வகுத்திருந்தார்கள். பி12 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளின் அமைப்பை இந்த வழியில் தீர்த்தபோது டாரத்தியோடு கே. வெங்கடேசனும் பங்கேற்றார்; அந்தக் கட்டுரை, 1963இல் சென்னையில் நடந்த படிகவியல் கருத்தரங்கைச் சார்ந்து ராமச்சந்திரன் பதிப்பித்த தொகுதியில் இடம்பெற்றது. இன்சுலின் குழுவில் இருந்த விஜயன், 1971இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பி, இந்தியாவில் புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தார். நிலக்கடலையிலும் பலாக்கொட்டையிலும் உள்ள, சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் புரதங்களின் அமைப்புகள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் தீர்க்கப்பட்டன.

அவர் எப்போது காலமானார்?

1994ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் பெய்ஜிங்கில் நடந்த பன்னாட்டுப் படிகவியல் மாநாட்டுக்குச் சக்கர நாற்காலியில் போய்வந்திருந்தார்.

கணிப்பொறியே புரதத்தின் வடிவத்தை ஊகித்துவிடும் இந்நாளில் அவருடைய முறை பழையதாகிவிட்டதா?

ஆகிவிடவில்லை. ஆல்ஃபாஃபோல்டு போன்ற செயற்கை நுண்ணறிவு நிரல்கள் அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தை வியக்கத்தக்க துல்லியத்தோடு கணிக்கின்றன. 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அந்தப் பணிக்கே சென்றது. அந்நிரல்கள் பாடம் படித்தது, 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் சேர்ந்திருக்கும் அமைப்புகளிலிருந்து. அவற்றில் பெரும்பாலானவை படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கண்டறியப்பட்டவை. தாழ்வெப்ப எலக்ட்ரான் நுண்ணோக்கி பெரிய மூலக்கூறுத் தொகுதிகளைப் படிகமாக்காமலே காட்டுகிறது என்பதும் உண்மை. ஆனால் புதிதாகத் தயாரித்த ஒரு மருந்து மூலக்கூறின் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன, அது இலக்குப் புரதத்தின் எந்த இடுக்கில் எந்தப் பக்கமாகத் திரும்பி அமர்கிறது என்று ஐயம் எழும்போது, ஆய்வாளர்கள் இன்றும் முதலில் ஒரு நல்ல படிகத்தைத்தான் தேடுகிறார்கள்.